மூன்று முறை வந்த சிவப்புப் பூ

எனக்குச் சோறு பிசைந்து ஊட்டி ஆளாக்கிய என் சரசக்காவுக்கு,

நடந்ததெல்லாம் நான் அப்போதே சொன்னதுதான் அக்கா. ஒன்றுவிடாமல் சொன்னேன். எழுதிவைக்காமல் நீ கண்ணை மூடினால் வீடு இரண்டாகும், மூத்தவன் விற்றுவிடலாம் என்பான், மகள் வாயைத் திறக்கமாட்டாள், சுமதி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எங்கே போவது என்று நிற்பாள் என்று, பத்திர ஆபீசிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். திருச்செங்கோட்டில் இத்தனை வக்கீல்கள் இருக்கிறார்களே, ஒருவராவது இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருப்பாரா? பதினேழு வருஷம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஏழு மாநிலம் சுற்றி, மண்ணை முகர்ந்தே எத்தனையாவது அடியில் தண்ணீர் என்று சொன்னவன் நான். ஒரு குடும்பத்துக்குள் என்ன ஊறும் என்றா எனக்குத் தெரியாது?

உன் வருஷத் திதி நெருங்குகிறது. அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கலாம் என்று மோகன் சொன்னான். முன்பக்கம் உன் படம், பின்பக்கம் குடும்பத்தார் பெயர்கள், நடுவில் மாமா ஏதாவது எழுத வேண்டும் என்றான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனைப் போய் எழுதச் சொல்கிறார்களே என்று நினைப்பாய். ஆனால் கல்யாண வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் பந்திக்கு எழுந்தவர்கள்கூடத் திரும்பி வந்து உட்காருவார்கள் என்பதை நீயே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாய். அதனால்தான் என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். புத்தகத்தைப் புரட்டுகிற வெளியாட்களுக்கும் விளங்க வேண்டுமே, கொஞ்சம் பொறுத்துக்கொள்.

திருச்செங்கோட்டில் இருக்கும் உன் வீடு மச்சான் சம்பாதித்தது இல்லை. அவருக்கு ஒரு ரிக் வண்டியில் பாதிப் பங்கு இருந்தது, அவர் காலத்துக்குப் பிறகு அது மூத்தவன் கைக்குப் போனது. ஐந்து எருமை வைத்துப் பால் ஊற்றி, சீட்டுக் கட்டி, உன் பெயரிலேயே நீ இடம் வாங்கிக் கட்டிய வீடு அது. ஐந்து எருமை என்று எழுதினால் நீ அங்கிருந்தே, "மூணுதான்டா" என்பாய். சரி, மூன்று.

உனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் மோகன், அப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே ராய்ப்பூர்ப் பக்கம் போய்த் தொழிலில் நின்றுவிட்டான். நடுவில் சாந்தி, ஆத்தூரில் ஜவ்வரிசி செய்யும் சேகோ பாக்டரி வைத்திருக்கும் வீட்டுக்கு வாழப் போனவள். கடைசிப் பையன் குமார். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் முடிவதற்குள், வண்டியோடு போன இடத்தில் சாலை விபத்தில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அவன் பெண்டாட்டிதான் சுமதி.

சுமதியை அவள் பிறந்த வீட்டார் ராசிபுரத்திலிருந்து வந்து கூப்பிட்டார்கள். போகவில்லை. முன்பக்க அறையில் நாலு பெஞ்சு போட்டு, காலேஜ் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தாள். நீ காய் நறுக்க, அவள் அடுப்பில் நிற்க, ஒன்பது வருஷம் ஓடியது. மாமியாரும் மருமகளும் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைக் கிண்டல் செய்வதைப் பார்த்தால் அக்கா தங்கை என்றுதான் தோன்றும்.

உனக்கு மேலுக்கு முடியாமல் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாயே, அங்கேதான் இது தொடங்கியது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு காகிதத்தை நீட்டி, நெருங்கிய உறவினர் யாராவது கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மோகன் ரயிலில் வந்துகொண்டிருந்தான். சாந்தி வந்துசேர மாலையாகும். சுமதி வாங்கிப் போட்டாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நீ என்னைக் கூப்பிட்டனுப்பினாய். நான் எருமப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து உட்காரக்கூட இல்லை, கேட்டாய்.

"என்ற உசுருக்கு அவ கையெழுத்து ஆகுது. என்ற ஊட்டுக்கு மட்டும் அவ ஆருமில்லையா தம்பி?"

பத்திர ஆபீசுக்கு எதிரே உட்காரும் எழுத்தரிடம் உன்னைக் கூட்டிப்போனவன் நான்தான். சட்டமெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, நீ சும்மா வந்து உட்கார் என்று போகும்போதே சொல்லியிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்விக்கே விழித்தேன். வீடு உங்கள் பெயருக்கு எப்படி வந்தது, நீங்கள் வாங்கியதா, வீட்டுக்காரர் வழியில் வந்ததா என்று கேட்டார். நீதான் பையிலிருந்து மூலப்பத்திரத்தை எடுத்து நீட்டினாய்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை. வீடு அம்மா பெயரில் இருக்கிறது. உயில் இல்லாமல் அம்மா போய்விட்டால், இருக்கிற மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. இறந்த மகனுக்குப் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்கும் பங்கு வரும். பிள்ளையில்லாத மருமகளுக்கு ஒரு செங்கல்கூட வராது.

"அப்பன் சொத்தா இருந்தா அது வேற நாயமுங்க. அம்மா சொத்துல மருமக பேரு வராது. நீங்க எழுதிவெச்சாத்தான் உண்டு" என்றார்.

"அதுக்குத்தானுங்க வந்திருக்கறேன்" என்றாய் நீ.

செலவைப் பற்றி நான்தான் கேட்டேன். முத்திரைத்தாள் எத்தனை ரூபாய்க்கு வாங்க வேண்டும், இப்போதே போய் வாங்கிவருகிறேன் என்று எழுந்தேன். உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம், வெள்ளைத்தாள் போதும் என்று என்னை உட்காரவைத்தார். நீ கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு பேர் சாட்சியாகப் போட வேண்டும். சாட்சிகள் உன்னைவிட வயது குறைந்தவர்களாக இருந்தால் நல்லது, பின்னால் கோர்ட்டில் வந்து சொல்ல அவர்கள் இருக்க வேண்டுமே. பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பதிந்துவிட்டால் பிற்பாடு வாய்ச்சண்டை குறையும். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த உடம்பு என்பதால், புத்தி தெளிவாக இருக்கிறது என்று டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிவையுங்கள் என்றார். மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் முன்பே என்னென்ன செய்தாயிற்று என்று ஒரு வரி சேர்த்தால் மனஸ்தாபம் வராது என்றார். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். எல்லாம் சேர்த்தாலும் உங்கள் கடைக்கு ஒரு மாதம் வாங்கும் எண்ணெய்க்கு ஆகிற செலவுகூட ஆகாது என்று அவர் சொன்னபோது நீ என்னைப் பார்த்தாய். இவ்வளவுதானா என்கிற பார்வை.

நான் சும்மா இருப்பேனா? என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். சுமதிக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை, நாளைக்கு வேறு கல்யாணம் செய்துகொண்டால் வீடு திரும்பவும் மோகனுக்கே வர வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடலாமே என்றேன். எழுத்தர்கூடப் பேனாவை எடுத்துவிட்டார். நீ என் தொடையில் ஒரு அடி வைத்தாய்.

"கட்டிக்கிட்டா கட்டிக்கிட்டுப் போகட்டும். அப்பவும் குடியிருக்க ஒரு ஊடு வேணுமில்ல?"

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். உயில் எழுதிவைத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டே, அது எப்படி என்று அவரிடம் தணிந்த குரலில் கேட்டேன். "நான் என்ற உயிலை எழுதி இருவது வருசம் ஆச்சுங்க. இன்னும் ஒரு பல்லு ஆடலை" என்று வாயைத் திறந்தே காட்டினார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன்.

உயிலின் மாதிரி நகல் ஒன்று அடித்துக் கொடுத்தார். படித்துப் பார்த்துவிட்டு அடுத்த வியாழக்கிழமை இரண்டு சாட்சிகளோடு வாருங்கள், முடித்துவிடலாம் என்றார். சாட்சியில் ஒருவன் நான் என்று நீயே சொன்னாய். அன்றைக்குப் போட வேண்டிய கையெழுத்தை நான் இரண்டு நாள் எழுதிப் பழகினேன் தெரியுமா?

ஆட்டோவில் வரும்போதுதான் அந்தப் பேச்சை எடுத்தாய். பொறந்த ஊட்டுச் சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வந்துரு தம்பி, அப்புறம் கையெழுத்துப் போட்டுக்கறேன் என்றாய். நம் பக்கம் பூக் கேட்காமல் எதையும் செய்வதில்லை. பெண் கொடுக்க, கிணறு வெட்ட, வண்டி வாங்க, எல்லாவற்றுக்கும் சாமியிடம் ஒரு வார்த்தை உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டு, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். அந்த இடத்தை வாங்கும்போதும் நீ கேட்டாய், வெள்ளை வந்தது. குமார் கல்யாணத்துக்கும் கேட்டாய், வெள்ளைதான் வந்தது.

எருமப்பட்டியிலிருந்து கொல்லிமலை அடிவாரம் பக்கம் போனால் நம் கோயில். உன்னால் அவ்வளவு தூரம் வர முடியாது. நான்தான் போனேன்.

திரும்பி வந்து உன்னிடம் என்ன சொன்னேன் என்பது இன்றைக்கு நம் சாதிசனம் முழுக்கத் தெரியும். முதல் தடவை சிவப்பு. பூசாரியின் கை தவறியிருக்கும் என்று மறுபடி போடச் சொன்னேன், இரண்டாம் தடவையும் சிவப்பு. தாயே, கேட்பது என் அக்கா என்று உரக்கச் சொல்லி மூன்றாம் தடவை கேட்டேன், அப்போதும் சிவப்பு. காற்றே இல்லாமல் மணி ஆடியது. மேற்கு மூலையில் பல்லி சத்தமிட்டது. பூசாரியே இரண்டடி பின்னால் போய்விட்டார். சாந்தி வீட்டு விசேஷத்தில் ஒரு தடவை, எருமப்பட்டி டீக்கடையில் பல தடவை, நாமக்கல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஒரு தடவை என்று அதை நான் சொல்லாத இடம் இல்லை.

உன்னிடம் சொன்னபோது நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். கையை உதறிவிட்டு நிமிர்ந்தாய்.

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்" என்றேன்.

நான் பத்து என்று சொன்னால் ஐந்து என்று எடுத்துக்கொள்கிறவள் நீ. சின்ன வயதிலிருந்தே என் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவாய். அன்றைக்கு மட்டும் ஒன்றையும் கழிக்கவில்லை. சாமி காரியம் அல்லவா.

ஒரு தடவை சிவப்பு வந்தால் அடுத்த அமாவாசைக்குத் திரும்பக் கேட்கலாம். மூன்று தடவையும் மறுத்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு அதே காரியத்தைக் கேட்கக் கூடாது, செய்யவும் கூடாது. அதுதான் வழக்கம். சரி, ஆத்தா ஏதோ நெனச்சிருக்கறா, வருசம் திரும்பட்டும் என்று சொல்லிவிட்டு, நகலை நாலாக மடித்துப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தாய். சுமதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. அவள் அதுவரைக்கும் எனக்கு எழுதுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டவள் இல்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் கழித்துக் கேட்கலாம் என்றாய். எட்டாம் மாதம், காலையில், அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுமதியின் தோளில் சாய்ந்தாய். அவ்வளவுதான். நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

வாரிசுச் சான்றிதழ் வந்தது. அதில் இரண்டு பெயர். மகன் மோகன், மகள் சாந்தி. சுமதியின் பெயர் எங்கே என்று தாலுகா ஆபீசே அதிரும்படி சத்தம் போட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, ஜன்னல் ஓரம் நின்று மெதுவாகத்தான் கேட்டேன். உள்ளே இருந்தவர் சட்டப்படி இவ்வளவுதான் என்றார். சரிங்க என்று வந்துவிட்டேன். வேறென்ன செய்திருக்க முடியும்?

எழுத்தரிடம் மறுபடி போனேன். அந்த நகல் இருக்கிறதே, எல்லாம் அதில் இருக்கிறதே என்றேன். கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை, வெறும் காகிதம்தான் என்றார். ஆனால் ஒரு வழி இன்னும் இருக்கிறது என்றார். மோகனும் சாந்தியும் மனம் ஒத்து, தங்கள் பங்கைச் சுமதிக்கு எழுதிக்கொடுக்கலாம். யாரும் தடுக்க முடியாது. என்ன, உயிலாக இருந்திருந்தால் எண்ணெய்ச் செலவோடு முடிந்திருக்கும், இப்போது வீட்டு மதிப்பைப் பார்த்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். அதைக்கூட நான் புரட்டிவிடுவேன் என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். எங்கிருந்து புரட்டுவேன் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.

போன மாதம் மோகன் வந்திருந்தான். சாந்தியும் வந்தாள். உன் கூடத்தில்தான் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சுமதி டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மோகன் கெட்டவன் இல்லை அக்கா. இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். போன வருஷம் சுமதிக்குப் பெரிய கிரைண்டர் வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். இப்போது இரண்டாவது ரிக் வண்டி போட வேண்டும் என்கிறான், வீட்டை விற்றால் தன் பாதியில் அது நடக்கும் என்கிறான். சுமதிக்கு வேறு இடத்தில் வாடகைக்குப் பார்த்துத் தருகிறேன் என்றும் சொல்கிறான். வருஷத் திதி முடியும்வரை வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம் என்று வாங்க வந்தவரிடம் சொல்லிவைத்திருக்கிறான்.

நான் கேட்டேன். அம்மா மனசில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும், நகலையும் படித்துவிட்டீர்கள், எழுதிக்கொடுத்துவிடுங்களேன் என்றேன். சாந்திதான் முதலில் அழுதாள். தனக்கு அந்தப் பாதி வேண்டியதே இல்லை, சுமதிக்கு எழுதிக்கொடுக்க இன்றைக்கே தயார் என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஆனா சாமி மூணு தடவை வேண்டாம்னு சொன்ன காரியத்தை நான் எப்படி மாமா செய்யறது? என்ற புள்ளைகளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

மோகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னான்.

"அம்மா கையெழுத்துப் போட்டிருந்தா நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன் மாமா. ஆத்தா மறிச்சதுனாலதான அம்மாவே நிறுத்துனாங்க? நீங்க ஊரைச் சுத்தி எத்தனையோ சொல்லுவீங்க, அதையெல்லாம் நாங்க சிரிச்சுட்டு விட்டுருவோம். சாமி விசயத்துல நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

வாயில்லாதவன் இல்லை நான். ஏழு மாநிலத்தில், பாஷை தெரியாத ஊர்களில்கூடப் பேசியே வண்டியை மீட்டுக்கொண்டு வந்தவன். அன்றைக்கு உன் வீட்டுக் கூடத்தில் டம்ளரைத்தான் கையில் எடுத்தேன். டீயைக் குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

அவர்கள் இருவரும் கிளம்பிய பிறகு நான் பின்பக்கம் போனேன். சுமதி பெரிய குண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியும், அவள் எனக்கு மகள் முறை, சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். காலேஜ் பரீட்சை முடியும்வரை சமையலை நிறுத்த முடியாது, பிள்ளைகள் சாப்பாட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு எங்கே சொன்னாலும் போய்க்கொள்கிறேன் என்றாள். நான் போக எழுந்தபோது குண்டாவை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒன்னு கேக்கட்டுங்களா சித்தப்பா? அன்னைக்குப் பூக் கேக்கறப்ப எம் பேரைச் சொன்னீங்களா? இல்ல, ஊடுன்னு மட்டும் சொன்னீங்களா?"

பழக்கம் விடுமா? "உம் பேரைச் சொல்லித்தான் கேட்டேன் கண்ணு" என்றேன்.

"எம் பேரைச் சொல்லியுமா மூணு தடவையும் சிவப்பு வந்துச்சு?"

நான் தலையை ஆட்டினேன். அவள் கையில் சாம்பல் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்ப நான் என்னமோ பண்ணியிருக்கறேன். அவிய அப்படிப் போனதுக்கும் நானேதான் காரணமோ என்னமோ. ஆத்தாளுக்குத் தெரியாததா."

அவிய என்று அவள் சொன்னது குமாரை. இத்தனை வருஷத்தில் அவள் தன்மேல் இப்படி ஒரு பழியைப் போட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை. யாராவது அப்படிப் பேசினால் நீ விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போயிருப்பாய். இப்போது அவளாகவே பேசுகிறாள், தடுக்க நீ இல்லை. குனிந்து மறுபடி குண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். எருமப்பட்டியில் இறங்கியபோது வழியில் என்னென்ன ஊர் வந்தது என்று ஒன்றும் நினைவில்லை.

வீடு போனால் போகிறது, வேறு வீடு கிடைக்கும் என்று யாராவது சொல்லலாம். அந்த நினைப்போடு அவள் எந்த வீட்டில் போய்க் குடியிருப்பாள்? அதை யார் எழுதிக்கொடுத்து மாற்றுவது?

அக்கா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திதியன்று இந்தப் புத்தகத்தை எல்லோர் கையிலும் கொடுத்த பிறகு, பந்தி போடுவதற்கு முன்னால், நானே எழுந்து நின்று இதை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டு வாசிப்பேன். மோகன் இருப்பான், சாந்தி இருப்பாள், சுமதி அடுப்படியில் இருந்தால் கூப்பிட்டு உட்காரவைப்பேன். கேட்டுவிட்டு அவர்கள் எழுதிக்கொடுப்பார்களா மாட்டார்களா என்பது என் கையில் இல்லை. சுமதிக்கோசரம் மாமா புதிதாக ஒரு கதை கட்டுகிறார் என்றும் சொல்லக்கூடும். சொன்னால் மறுக்க எனக்குச் சாட்சி இல்லை. பூசாரியைப் போய்க் கேட்டேன், வருகிறவர் போகிறவர் எத்தனை பேர், உங்களை நினைவில்லை என்றுவிட்டார். இத்தனை வருஷம் எதைச் சொன்னாலும் கூட்டம் சேர்ந்தது, இதைச் சொல்லும்போது ஒருவர் நம்பினால் போதும். அந்த ஒருவர் சுமதியாக இருக்க வேண்டும்.

அன்றைக்குக் கோயிலுக்குப் போனது நிஜம். பூ வாங்கியது நிஜம். இரண்டு பொட்டலமும் என் கையில்தான் இருந்தது. பூசாரி வந்து, "கேக்கலாமுங்களா?" என்றார். வெள்ளை வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வந்தால் வியாழக்கிழமை நீ கையெழுத்துப் போட்டுவிடுவாய். போட்டுவிட்டால், எழுத்தரிடம் கேட்டேனே அந்த ஆயுசுப் பேச்சுப்படி, இனி இங்கே வேலை இல்லை என்று நீ கிளம்பிவிடுவாய் என்று தோன்றியது. எனக்கு உன்னை விட்டால் யார்? இன்னொரு நாள் வாரேனுங்க என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டேன். பூக் கேட்கவே இல்லை அக்கா. சுமதியின் பெயரை நான் அங்கே சொல்லவே இல்லை. சிவப்பு ஒரு தடவைகூட வரவில்லை.

உன் கூடப்பிறந்த தம்பி,
சுமதிக்குச் சித்தப்பன்,
தங்கராசு